இரும்புப் படிக்கட்டில் ஒன்பது நிமிடங்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நெருப்பென்றால் பயம். காலையில் வீட்டில் தோசைக்கல் காயும் வாசனை வந்தால்கூடச் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரைக் கையில் எடுப்பேன். என் மனைவி ஜெபஷீலா சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன், மேடம். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். யாரும் ஆளனுப்பிக் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை மட்டும் மேலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் பொன்னுராஜ். வயது ஐம்பத்தேழு. தேனியிலிருந்து போடிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஞானபாக்கியம் மகாலுக்குப் பத்தொன்பது வருஷமாக மேற்பார்வையாளர். கீழே விழா நடக்கும் கூடம். மாடியில் சாப்பாட்டுக் கூடம். மாடிக்கு ஏற முன்பக்கம் அகலமான படிக்கட்டு உண்டு. மாடியின் பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு, அதற்கு வெளியே கொல்லைப்பக்கம் இறங்கும் இரும்புப் படிக்கட்டு. அந்தப் பின்கதவும் படிக்கட்டும் கட்டடத்தின் வரைபடத்தில் இல்லை. முதலாளியிடம் மூன்று வருஷம் நச்சரித்து நான் வைக்க வைத்தவை. ஆபத்து என்றால் ஜனங்கள் வெளியேற இரண்டு வழி வேண்டும் என்று அன்றைக்கு அவரிடம் வாதாடியவன் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தீயணைப்பு சிலிண்டர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்ப்பேன். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துத் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன்பிறகு வேலையாட்களை மாடியில் வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்துவேன். அனுசுயாதான் முதலில் பதில் சொல்வாள். பொட்டிப்புரத்துப் பெண், இருபத்தாறு வயது, பந்தியைக் கவனிக்கிற பொறுப்பு அவளுடையது.

“தீன்னா எங்கன போகணும்?”

“பின்கதவுக்கு, அண்ணே.”

“புகை வந்தா?”

“தரையோட தரையாப் படுத்துத் தவந்து போகணும்.”

“பின்கதவ?”

“ஒரு நாளும் பூட்டக் கூடாது.”

எல்லாரும் சேர்ந்துதான் அந்தக் கடைசிப் பதிலைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல இருக்கும். ஒரு தடவை தணிக்கைக்கு வந்த அதிகாரி அதைக் கேட்டு நின்றுவிட்டார். இந்த ஜில்லாவில் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை என்று முதலாளிக்கு முன்னால் என் தோளில் தட்டினார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்த ஒரு தட்டு எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. சபையிலும் சரி, கடைவீதியிலும் சரி, ‘பொன்னுராஜ் பார்த்துக்குவாக’ என்பார்கள். அந்தப் பேச்சுதான் எனக்குச் சொத்து. அது போய்விடுமோ என்ற பயம், நெருப்புப் பயத்தைவிட ஒரு படி மேலே எப்போது ஏறி உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது.

குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்தில் மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கிவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் ஏற்கெனவே கம்பி இருந்ததால் பின்கதவு வழியாக வந்தன. ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் இருந்த ஜாங்கிரியைப் பிடுங்கப் போய் ஒரு குழந்தையின் கையைக் கீறிவிட்டன. மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திப் பேசினார்கள். கதவை வெறுமனே சாத்தி வைத்துப் பார்த்தேன். கைப்பிடியை இழுத்துத் திறக்க அவற்றுக்கு ஒரு வாரம்தான் ஆனது.

தேனியில் ஒரு பூட்டு வாங்கினேன். பந்தி தொடங்குவதற்கு முன்னால் கொல்லைப்பக்கமாக ஏறி வெளியிலிருந்து பூட்டுவேன். பந்தி முடிந்ததும் போய்த் திறந்துவிடுவேன். பந்தி நேரத்தில் கொல்லைப்பக்கம் யாரும் வருவதில்லை. சாவி சட்டையின் உள்பையில் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு நாளும் பூட்டக் கூடாது என்று அவர்களைச் சொல்ல வைத்தவன் நான். பாடம் நடத்தும் திங்கட்கிழமைகளில் பூட்டையே கழற்றிக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறையில் வைத்துவிடுவேன். நாலு மாதம் இப்படி நடந்தது. ஒரு குறையும் வரவில்லை.

அன்றைக்கு ஆவணி ஞாயிற்றுக்கிழமை. சின்னமனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் ஒரு காதுகுத்து. காலை ஆராதனை முடிந்து நேராக மகாலுக்கு வந்தேன். முன்படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் மின்சாரப் பலகை இருக்கிறது. அந்தப் பலகையை மாற்ற வேண்டுமென்று முதலாளிக்கு மூன்று தடவை கடிதம் எழுதியிருக்கிறேன், நகல் வைத்திருக்கிறேன். அலங்காரக்காரர்கள் பழைய தெர்மாகோல் வளைவுகளையும் துணிப்பூக்களையும் அதே அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். வழக்கமாக நான் விடமாட்டேன். அன்றைக்கு மழை தூறியது, சாயங்காலம் எடுத்துவிடுகிறோம் என்றார்கள், விட்டுவிட்டேன். தீ அங்கேதான் பிடித்தது. அது என் கையால் வந்த தீ இல்லை.

முதல் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. மாடியில் நாற்பது பேர்தான். பெரும்பாலானவர்கள் கீழே குழந்தையோடு போட்டோவுக்கு நின்றிருந்தார்கள், அவர்கள் எல்லாரும் வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். நான் கொல்லையில் தண்ணீர் மோட்டார் பக்கம் இருந்தேன். கருகிய வாசனை வந்தது. செய்ய வேண்டியதைச் செய்தேன். கொல்லைச் சுவரில் இருக்கும் மெயினை அணைத்தேன். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன். பதினொன்று நாற்பத்திரண்டு என்று உங்களிடமே பதிவிருக்கிறது. அப்புறம் இரும்புப் படிக்கட்டில் ஏறினேன்.

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கை உள்பையில் இருந்தது, சாவி விரலில் பட்டது. உள்ளேயிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புத் தகடு அதிர்ந்தது. இருமல் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை விடாமல் அழுதது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அனுசுயாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“அண்ணன் இந்தக் கதவ ஒரு நாளும் பூட்ட மாட்டாக. மழைக்குத் துருப்பிடிச்சு இறுகிருச்சு. எல்லாரும் சேந்து தள்ளுங்க.”

மேடம், இந்த இடத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கதவைத் திறந்தால் எனக்கு நேர் எதிரில் நிற்கப்போவது அனுசுயா. பூட்டு என் ஒரு கையில் இருக்கும், சாவி இன்னொரு கையில் இருக்கும். அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பத்தொன்பது வருஷம் அந்த ஒரு விநாடியில் போய்விடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சத்தம்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. நான் ஓடிப்போகவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறொரு வழியை யோசித்தேன்.

சாவியால் திறந்தால் பூட்டியவன் நானென்று ஆகிவிடும். கடப்பாரையால் உடைத்தால் பூட்டியவன் வேறு யாரோ.

இறங்கினேன். ஜெனரேட்டர் அறையில் டீசல் கேன்களுக்குப் பின்னால் கடப்பாரை இருந்தது. எடுத்துக்கொண்டு கொல்லையில் நின்றேன். தனியாகப் போய் உடைத்தால் யாருக்குத் தெரியும்? கட்டடத்தின் பக்கவாட்டில் இருக்கும் சமையல் கொட்டகைக்காரர்கள் முன்வாசலுக்கு ஓடியிருந்தார்கள். போய் அவர்களைத் தேடினேன். சமையல் மாஸ்டர் சுரேஷ்கண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கிடைத்தார்கள்.

“ஏலே, பின்கதவ எவனோ பூட்டி வச்சிருக்கான்லே, வாங்கலே,” என்று கத்தினேன். என் குரல் நன்றாகவே வந்தது.

நாலு பேரும் ஏறினோம். அப்போது தட்டும் சத்தம் குறைந்திருந்தது. கொண்டியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். மூன்றாவது நெம்பில் பிய்ந்து வந்தது. கதவு திறந்ததும் புகைதான் முதலில் வந்தது. நான் உள்ளே போனேன். பயந்தவன்தான், ஆனாலும் போனேன். தரையில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கொடுத்தேன். சுரேஷ்கண்ணன் ஆம்புலன்சுக்குப் பேசியது பதினொன்று ஐம்பத்தொன்று என்கிறீர்கள். எனக்கு எல்லாம் நாலு நிமிடத்தில் முடிந்தது போலத்தான் இருந்தது. நீங்கள் ஒன்பது என்றால் ஒன்பது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் இறந்தார்கள். காதுகுத்தின குழந்தையின் தாய் முத்துமீனா ஒருத்தி. குழந்தை கீழே அப்பாவின் மடியில் இருந்தது. விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு வருகிறேன் என்று முத்துமீனா மாடிக்குப் போனாளாம். மற்றவர்களில் பெரியகுளத்திலிருந்து வந்த வாத்தியாரும் அவர் மனைவியும் உண்டு. அவர்கள் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தார்கள்.

தவசியைப் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். தவசி எங்கள் வாட்ச்மேன். ஊர் மயிலாடும்பாறை. தீப்பிடித்ததும் அவன் முன்படிக்கட்டு வழியாக ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை மேலே போயிருக்கிறான். எதிர்ப்பட்ட இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்திருக்கிறான். மூன்றாவது தடவை தீ அவனை ஏறவிடவில்லை. இரண்டு கையும் வெந்து, ஆம்புலன்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அறையில் ஆணியில் மகாலின் சாவிக்கொத்து தொங்கும். எல்லாரும் அழுதுகொண்டு நின்றபோது நான் அந்த அறைக்குள் போனேன். உள்பையில் இருந்த சாவியைக் கொத்தில் கோர்த்தேன். வளையம் இறுக்கமாக இருந்ததால் நகம் ஒன்று பெயர்ந்தது.

மறுநாள் உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் கொண்டியோடு பிய்ந்து வந்த பூட்டையும் சாவிக்கொத்தையும் வைத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. தவசியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள். பூட்டே இல்லாத கதவுக்குத் தன்னிடம் சாவி எப்படி வந்தது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடப்பாரையோடு நான் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. ஒரு தனியார் கல்லூரியில் கூப்பிட்டுத் தீ பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் பின்கதவு திறக்கிறதா என்று பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நல்ல விஷயம்தானே, யார் சொன்னால் என்ன?

ஒரு மாதம் கழித்துத் தவசியின் மனைவி மூக்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெபஷீலா காபி கொடுத்தாள், அவள் தொடவில்லை.

“அண்ணே, நான் பூட்டவே இல்லைன்னு அவுக மொத அடிச்சுச் சொன்னாக. இப்பப் பேச்சு மாறுது. குரங்கு வருதுன்னு நாந்தான் பூட்டி மறந்துட்டேனோன்னு என்னையவே கேக்குறாக. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா அவுக நம்புவாக.”

மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. சிறைக்குப் போய்ப் பார்த்தேன். கையில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கும்பிட்டான்.

“பூட்டுன மாதிரியே ஞாபகம் வருது அண்ணே. கண்ண மூடுனா என் கை பூட்டப் போடுது. உள்ள ஆளுக தட்டுறாக. நாந்தானா அண்ணே?”

எனக்கு வரும் கனவு அப்படியே அவனுக்கும் வருகிறது. “தெரியாமச் செஞ்சதுதான தவசி. ஆண்டவர் மன்னிப்பாரு,” என்றேன். அவன் வேறு சாமி கும்பிடுகிறவன், ஆனாலும் அவனுக்காக அங்கேயே நின்று ஜெபம் பண்ணினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வரும்போது அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அது நான் செய்த ஒரு நன்மை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அனுசுயா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புகை தொண்டையைப் புண்ணாக்கியதால் நாற்பது நாள் பேச்சில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு பொட்டிப்புரம் போனேன். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். அவள் அம்மா உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, காற்றுப் போன குரலில் பேசினாள்.

“நீங்க சொன்ன மாதிரியே படுத்துட்டேன் அண்ணே. கதவுக்கு அடியில ரெண்டு விரக்கட சந்து இருக்குல்ல. அங்கன மூக்க வச்சுக்கிட்டேன். அதுலதான் ஒங்க செருப்பப் பாத்தேன்.”

ஆப்பிள் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன்.

“வந்து நின்னீக. அண்ணன் வந்துட்டாக, தெறக்கப் போறாகன்னு நாந்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். முன்பக்கம் போகக் கெளம்புனவுகளையும் நாந்தான் நிப்பாட்டுனேன். அப்பறம் அந்தச் செருப்பு திரும்பிருச்சு.”

“கடப்பாரை எடுக்கப் போனேன்மா.”

“போனீக சரி. போகையில ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? கதவு பூட்டிக் கெடக்கு, முன்பக்கமாப் போங்கன்னு. அப்ப முன்படியில வெறும் பொகதான் அண்ணே. தவசி அண்ணன் அதுலதான் ரெண்டு தடவ ஏறி வந்தாக. ஏன் ஒண்ணுமே சொல்லாமப் போனீக?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது ஒட்டிக்கொண்ட மாதிரியே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாறப் போகிறது என்று அன்றைக்கு நான் பயந்த அந்த முகம் என் கண்ணெதிரே மாறியது. நான் நினைத்திருந்ததைப் போல அதில் கோபம் இல்லை. அவள் கட்டிலில் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

“வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்குமேல நானே போயிச் சொல்லிருவேன்,” என்றாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் நாளைக்கு அவள் வருவதற்கும் இன்றைக்கு நான் வந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா? அதனால்தான் நானாகவே வந்தேன் என்று எழுதச் சொன்னேன்.

அந்தப் பூட்டைப் போட்டவன் நான். சாவி சட்டைப்பையில் இருக்கும்போதே திறக்காமல் இறங்கிப் போனவன் நான். அந்தச் சாவியைத் தவசியின் கொத்தில் கோர்த்தவனும் நான். தவசிக்கு இதில் ஒன்றும் தெரியாது. முடிந்தால் இன்றைக்கே ஆளனுப்பி, பூட்டியது நீயில்லை என்று அவனிடம் சொல்லச் சொல்லுங்கள். நான் போய்ச் சொன்னால் இனி அவன் நம்புவானோ என்னவோ.

வாசித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம். இறந்தவர்கள் ஆறு பேர் என்று நான் சொன்னபடி எழுதியிருக்கிறது. அதற்கு மேலே, நான் கதவை உடைத்து உயிரோடு வெளியே எடுத்தவர்கள் முப்பத்திரண்டு பேர் என்று சேர்த்துவிடுங்கள். கோர்ட்டில் அதை முதலில் வாசிக்கட்டும். அன்றைக்கு நான் மட்டும் அங்கே இல்லையென்றால் அத்தனை பேரையும் யார் காப்பாற்றியிருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.